எடை மேடைக் கணினிகளுக்கு ரன்இட் பொதி கட்டியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் நான்கு பேராக ஒரு சிறு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். புதுவயல் வட்டாரத்தில் ஏழு அரிசி ஆலைகளுக்கு எடை மேடைக் கணக்கு எழுதும் நிரலைப் பராமரிப்பது எங்கள் முதன்மையான வேலை. நெல் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும், அடியில் உள்ள லோடு செல்கள் தரும் அளவை இண்டிகேட்டர் சிவப்பு எண்களில் காட்டும். அதே எண் சீரியல் கம்பி வழியே கணினிக்கு வரும். எங்கள் நிரல் அதை வாசித்து, வண்டி எண்ணோடு சேர்த்துப் பதிந்து, சீட்டு அச்சிடும். நெல்லை இறக்கிய பின் அதே லாரி மீண்டும் ஏறும். அப்போது காலி எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத்தான் பணம் கைமாறுகிறது. அதனால் வாசிப்பு நிரல் நின்றுபோவது ஆலையில் சின்ன விஷயம் அல்ல. விழுந்த நிரலை மீண்டும் தொடங்கிவைக்கும் ரன்இட் என்ற கருவியை அந்தக் கணினிகளுக்குப் பொதியாக, அதாவது நிறுவத் தயாரான ஒரே கட்டாக, ஆக்கியதைப் பற்றியது இந்தக் குறிப்பு.

கணினிகள் ஏழும் பழையவை. 32 பிட் இயந்திரங்கள். எல்லாவற்றிலும் ஸ்லாக்வேர் 14.2 இருந்தது. 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்டு இன்றுவரை பராமரித்துவரும் லினக்ஸ் இயங்குதளம் அது. எங்களில் மூத்தவர் அதைத் தேர்ந்தெடுத்து நிறுவினார். ஒருமுறை நிறுவியபின் வருடக்கணக்கில் தொட வேண்டியிருக்கவில்லை என்பதால் நாங்களும் மாற்ற நினைக்கவில்லை. ஸ்லாக்வேரில் தொடக்க வேலைகளைச் செய்வது பழைய வழியிலான இனிட். நிரல் ஒன்று விழுந்தால் தூக்கி நிறுத்தும் தனிக் கண்காணிப்பி அதில் கிடையாது. ஒரு பொதிக்கு வேறு எந்தப் பொதிகள் தேவை என்று பார்த்து அவற்றையும் தானாகக் கொண்டுவரும் ஏற்பாடும் கிடையாது. இந்த இரண்டும் பின்னால் எங்கள் முடிவுகளைத் தீர்மானித்தன.

கவனித்தவை

அறுவடைக் காலம் தொடங்கிய சில நாட்களில் ஓர் ஆலையின் கணக்கர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, லாரி மேடையில் நிற்கிறது. இண்டிகேட்டரில் எண் வருகிறது, கணினியில் வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் தானாக வந்துவிடுகிறது. நேற்றும் இப்படித்தான்” என்றார்.

‘தானாக வந்துவிடுகிறது’ என்ற சொல்லை நாங்கள் முதலில் ஆறுதலாக எடுத்துக்கொண்டோம். அது தவறு. அதே வாரம் இன்னும் இரண்டு ஆலைகளிலிருந்து அதே புகார் வந்தபோதுதான், நின்ற நேரத்தையும் மீண்ட நேரத்தையும் குறித்து வைக்கச் சொன்னோம். குறிப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். கம்பி தளர்வதற்கு ஐந்து நிமிடக் கணக்கு இருக்க முடியாது. அந்த ஒழுங்கு ஒரு நிரலுக்குள் எழுதப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

விடை இனிட்டில் இருந்தது. அதுவரை வாசிப்பு நிரலை, இனிட் எவற்றை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இனிட்டாப் கோப்பில் ‘ரீஸ்பான்’ என்ற வகையில் ஒரு வரியாக எழுதி ஓட்டிக்கொண்டிருந்தோம். நிரல் விழுந்தால் இனிட் உடனே மீண்டும் தொடங்கும். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் பத்து முறைக்கு மேல் விழுந்தால், ‘மிக வேகமாக விழுந்து எழுகிறது’ என்று கணினிப் பதிவில் எழுதிவிட்டு அந்த வரியை ஐந்து நிமிடம் முடக்கிவைக்கும். கணினி திணறிப்போகாமல் காக்கும் பாதுகாப்பு அது. எங்கள் ஆலைகளில் நடந்தது வேறு: இயந்திர அதிர்வில் யுஎஸ்பி–சீரியல் கம்பியின் முனை சில விநாடி தளரும், முனையில் தவிட்டுத் தூசியும் படிந்திருக்கும். தொடர்பு அறுந்ததும் வாசிப்பு நிரல் வெளியேறும், மீண்டும் தொடங்கும், கம்பி இல்லை என்று மீண்டும் வெளியேறும். பத்து முறை நடக்கச் சில விநாடி போதும். யாராவது கம்பியை அழுத்திச் சரிசெய்த பிறகும், இனிட் தன் ஐந்து நிமிடத் தடையை முடிக்கும்வரை லாரி மேடையிலேயே நிற்க வேண்டியதுதான்.

எதைத் தேர்ந்தோம், ஏன்

நிரலையே திருத்தி, கம்பி இல்லாவிட்டால் வெளியேறாமல் காத்திருக்கச் செய்யலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அதையும் செய்தோம். ஆனால் சீட்டு அச்சிடும் நிரல், நாள் முடிவில் தொகையை அனுப்பும் நிரல் என்று வேறு இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. எது எப்போது எதனால் விழும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. விழுந்ததை எழுப்பும் வேலையை ஒரே இடத்தில், நம்பத்தக்க கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் கிரான் மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்து, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்துப் பார்க்கும் பழைய முறையை ஒதுக்கினோம். மின்சாரம் போய்த் திரும்பினால் அந்தக் கோப்பு பழைய எண்ணோடு கிடக்கும். அந்த எண் இப்போது வேறொரு நிரலுக்குப் போயிருக்கும். சோதனை ‘ஓடுகிறது’ என்று பொய் சொல்லும். இதை முன்பே ஒருமுறை பட்டிருந்தோம்.

இனிட்டின் வேலையோடு நிரல்களைக் கண்காணிப்பதையும் செய்யும் சிஸ்டம்டி உள்ள வேறு இயங்குதளத்துக்கு மாறுவதும் பேச்சில் வந்தது. அறுவடைக் காலத்தின் நடுவே ஏழு கணினிகளை அழித்து நிறுவும் துணிவு எங்களுக்கு இல்லை. தவிர, சிஸ்டம்டியிலும் இதே போன்ற தடை உண்டு. இயல்பான அமைப்பில் பத்து விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கப்பட்டுவிட்டால், அடுத்த முறை தொடங்காமல் கைவிட்டுவிடும். இனிட் போல ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அமைப்பில் அந்த வரம்பை நீக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும்.

மீதி இருந்தது டேனியல் பெர்ன்ஸ்டைனின் டீமன்டூல்ஸ் வழி வந்த, நிரல்களைக் காவல் காக்கும் கருவிகள். டீமன்டூல்ஸ் 0.76 வெளிவந்தது 2001இல். பிழை எண்ணை அது அறிவிக்கும் பழைய முறையால், இன்றைய சி நூலகத்தோடு திருத்தாமல் தொகுக்க முடியாது. எஸ்6 நல்ல கருவி, ஆனால் அதற்கு முன் ஸ்கேலிப்ஸ் நூலகத்தைத் தனிப் பொதியாகக் கட்ட வேண்டும். சார்புகளைத் தானாகக் கவனிக்காத ஸ்லாக்வேரில் ஒவ்வொரு கூடுதல் பொதியும் நாங்கள் நினைவில் சுமக்க வேண்டிய ஒன்று. கெரிட் பாப்பே எழுதிய ரன்இட் 2.1.2 ஒரே கட்டாக வந்தது. சி நூலகம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டோம்.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் ‘ரன்’ என்ற ஸ்கிரிப்ட். சேவைக் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரன்எஸ்வி காவல் நிற்கும். ரன் உடனே விழுந்தால் ஒரு விநாடி பொறுத்து மீண்டும் தொடங்கும். ஐந்து நிமிடத் தடை என்பதே கிடையாது. எல்லா ரன்எஸ்விகளுக்கும் மேலே ரன்எஸ்விடிர். அது ஐந்து விநாடிக்கு ஒருமுறை சேவைகளின் அடைவைப் பார்க்கும். புதிதாக ஒன்று வந்திருந்தால் அதற்கு ஒரு ரன்எஸ்வியைத் தொடங்கும். ஒன்று காணாமல் போயிருந்தால் அதன் ரன்எஸ்விக்கு நிறுத்தச் சொல்லி சிக்னல் அனுப்பும். வழக்கத்தில், அசல் கோப்புறைகளை ‘எட்சி’யின் கீழ் ‘எஸ்வி’ அடைவில் வைத்து, ஓட வேண்டியவற்றுக்கு மட்டும் ‘சர்வீஸ்’ அடைவில் சிம்லிங்க், அதாவது அசலைச் சுட்டும் இணைப்பு, போடுவார்கள். சிம்லிங்க் இருந்தால் சேவை ஓடும், எடுத்தால் நிற்கும்.

பொதி கட்டிய விதம்

ரன்இட் கட்டில் ஒன்பது நிரல்கள் இருக்கின்றன. அவற்றில் ரன்இட், ரன்இட்–இனிட் இரண்டும் இனிட்டின் இடத்தையே பிடிப்பதற்கானவை. அவற்றைப் பொதியில் சேர்க்கவில்லை. ஆலையில் யாரோ ஒருவர் ஆர்வத்தில் அதை ஓட்டிப் பார்த்து, கணினி எழாமல் போனால், காரைக்குடியிலிருந்து ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். மீதி ஏழும் போதும்.

மூலக் கட்டு தன்னைத் தனி அடைவில் நிறுவிக்கொள்ளும் பழைய வழக்கத்தை எதிர்பார்க்கிறது. நாங்கள் தொகுக்கும் கட்டம் வரை மட்டும் அதன் ஸ்கிரிப்டைப் பயன்படுத்தினோம். உருவான நிரல்களையும் கையேட்டுப் பக்கங்களையும் ஸ்லாக்வேரின் இடங்களில் எடுத்து வைத்து, அதன் பொதி கட்டும் கருவியான மேக்பிகேஜி கொண்டு பொதியாக்கினோம்.

ரன்எஸ்விடிரை உயிரோடு வைத்திருப்பது யார்? இனிட்தான். இனிட்டாப்பில் ஒரு வரி வேண்டும். ஆனால் அந்தக் கோப்பு வேறொரு பொதிக்குச் சொந்தம்; எங்கள் பொதி அதன்மேல் எழுதக்கூடாது. ஆகவே நிறுவல் முடிந்ததும் ஓடும் டூஇன்ஸ்ட் ஸ்கிரிப்டில், வரி இல்லாவிட்டால் கடைசியில் சேர்க்கும்படி எழுதினோம். ‘இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனை முதல் பதிப்பில் இல்லை. 14.2இல் பொதியை மேம்படுத்தும் கருவியான அப்கிரேட்பிகேஜி புதிய பொதியை நிறுவி, பழையதை நீக்கி, புதியதை இரண்டாம் முறையும் நிறுவும். டூஇன்ஸ்ட் இருமுறை ஓடும். முதல் மேம்படுத்தலிலேயே இனிட்டாப்பில் வரி மூன்றாகிவிட்டது. ஒரே அடையாளம் கொண்ட வரிகளை இனிட் ஏற்காது என்பதால் கெடுதல் ஏதும் நேரவில்லை. பதிவில் எச்சரிக்கை மட்டும் வந்தது. நிறுவல் ஸ்கிரிப்ட் எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை அங்கே படித்தோம்.

நீக்குவது இன்னொரு சிக்கல். 14.2இல் பொதியை நீக்கும்போது ஓடக்கூடிய ஸ்கிரிப்ட் வசதி இல்லை. பொதியை நீக்கினால் நிரல் போய்விடும், இனிட்டாப் வரி நிற்கும். இல்லாத நிரலை இனிட் ஓட்ட முயன்று முயன்று, நாங்கள் தப்பி வந்த அதே எச்சரிக்கையை எழுதிக்கொண்டிருக்கும். முதலில் வரியை முடக்கி, இனிட்டை மறுபடி வாசிக்கச் சொல்லி, பிறகு நீக்க வேண்டும் என்று வரிசையைத் தமிழில் எழுதி அச்சிட்டு, ஒவ்வொரு ஆலையிலும் கணினி மேசைக்கு மேலே ஒட்டினோம். அந்தக் கணினிகளின் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துத் தெரியாது, காகிதம்தான் வழி.

மேம்படுத்தும்போது ஓடிக்கொண்டிருக்கும் ரன்எஸ்விடிரை நிறுத்தித் தொடங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். காவலரை மாற்றுவதற்காக எடை வாசிப்பு நிற்கக்கூடாது. பழைய நிரல் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அடுத்த முறை கணினி எழும்போது புதியது வந்தால் போதும்.

வாசிப்பு நிரலிலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. அது தொடங்கியதும் தன்னைப் பின்னணிக்கு அனுப்பிக்கொள்ளும் பழக்கம் உடையது. ரன்எஸ்வியின் பார்வையில் அதற்குப் பொருள், ரன் முடிந்துவிட்டது என்பது. உடனே இன்னொன்றைத் தொடங்கும். அலுவலகச் சோதனைக் கணினியில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் நூற்றுக்கணக்கான பிரதிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னணிக்குப் போகும் பகுதியை எடுத்தோம். ஸ்கிரிப்டின் இடத்தை நிரலே எடுத்துக்கொள்ளும்படி, ரன் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ‘எக்ஸெக்’ சேர்த்தோம். சீரியல் துறையை (போர்ட்) ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டுமே திறக்க முடியும்படியும் செய்தோம்.

கம்பியைப் பிடுங்கிச் செருகினால் துறையின் பெயர் மாறிவிடும் தொல்லையும் இருந்தது. பழைய நிரல் துறையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும். மலிவான கம்பிகளுக்குத் தனி வரிசை எண் கிடையாது. எனவே எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் தரும் வழியைப் பயன்படுத்தினோம். துளைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் புள்ளி வைத்தோம்.

இவை எல்லாம் சேர்ந்து ஒரே பொதி: ரன்இட் நிரல்கள், மூன்று சேவைக் கோப்புறைகள், ‘சர்வீஸ்’ அடைவில் மூன்று சிம்லிங்குகள். நிறுவியதும் எல்லாம் ஓட வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில்தான் பிழை இருந்தது.

முதல் மாதங்கள்

ஏழு ஆலைகளிலும் ஐந்து நிமிடப் புகார் நின்றது. கம்பி தளர்ந்தால், அழுத்திவிட்ட அடுத்த விநாடி எண் திரையில் வந்தது. ஆலைகள் எங்களை அழைப்பது வெகுவாகக் குறைந்தது. இடையே பதிவுக் கோப்புகளின் அளவைச் சரிசெய்ய ஒரு சிறு மாற்றம் வேண்டியிருந்தது. பொதியின் நான்காம் பதிப்பைக் கட்டி, ஒரே மாலையில் ஏழு இடத்துக்கும் தொலைவிலிருந்தே அனுப்பினோம். மாற்றம் ஒரே வரிதான் என்பதால் யாரும் தயங்கவில்லை.

தை மாதக் காலை

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓர் ஆலையிலிருந்து அழைப்பு. திரையில் எண் வரவில்லை. வெளியே மூன்று லாரிகள். எங்கள் இளையவர்தான் தொலைபேசியை எடுத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் போய் ரன்இட்டின் ‘எஸ்வி’ கட்டளையில் நிலையைக் கேட்டார். ‘ஓடுகிறது’ என்று பதில் வந்தது. “நிரல் ஓடுகிறது ஐயா, கம்பியைப் பாருங்கள்” என்று சொன்னார். அவர்கள் கம்பியைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், மாற்றுக் கம்பி போட்டார்கள். இருபது நிமிடம் போயிற்று.

நான் அலுவலகம் வந்து அதே கட்டளையை மூன்று முறை தொடர்ந்து ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் ‘ஓடுகிறது’. ஆனால் பக்கத்தில் இருக்கும் விநாடிக் கணக்கு பூஜ்ஜியம், ஒன்று, பூஜ்ஜியம். நிரலின் எண் ஒவ்வொரு முறையும் வேறு. நிரல் ஓடவில்லை; விநாடிக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்தது. ரன்எஸ்வி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் எந்த நேரத்தில் கேட்டாலும் ‘ஓடுகிறது’ என்ற பதில் கிடைத்தது. இளையவரைக் குறை சொல்ல இடமில்லை. அந்தப் பதிலை எப்படி வாசிப்பது என்று அவருக்குச் சொல்லித் தராதது என் குறை.

இதற்குள் ஆலையின் கணக்கர் தன் வழியைப் பார்த்துக்கொண்டார். கணினி வந்த பிறகும் அவர் கைச்சிட்டையை விடவில்லை. இண்டிகேட்டரின் சிவப்பு எண்ணைப் பார்த்து, வண்டி எண், மொத்த எடை, நேரம் மூன்றையும் சிட்டையில் எழுதி, கையெழுத்து வாங்கி லாரிகளை உள்ளே அனுப்பிவிட்டார். அன்றைய கணக்கில் ஒரு கிலோ கூடப் பிசகவில்லை என்றால் அதற்கு அவரே காரணம். செட்டிநாட்டில் சிட்டை, பேரேடு எழுதிப் பழகிய கைகளை நாங்கள் ‘பழைய முறை’ என்று எண்ணியிருந்தோம். அன்று அந்த எண்ணம் போய்விட்டது.

காரணம் தேடியது

வாசிப்பு நிரல் விழுந்த காரணம் சீக்கிரம் தெரிந்தது. அந்த ஆலையின் இண்டிகேட்டர் பழையது. 2400 என்ற வேகத்தில் பேசும். மற்ற ஆறும் 9600. நிரல் 9600இல் கேட்டுக்கொண்டிருந்தது, வந்தது குப்பை, வடிவம் பொருந்தவில்லை என்று வெளியேறியது. ஆனால் முந்தைய நாள்வரை அதே கணினி சரியாக வாசித்ததே?

முந்தைய பதிவுகளைப் பார்க்கப் போனேன். பதிவுகளே இல்லை. சேவைக் கோப்புறைக்குள் இருந்த பதிவுக் கோப்புறை புத்தம் புதியதாக, முந்தைய மாலையிலிருந்து மட்டும் தொடங்கியது. பதிவெழுதும் ரன்இட் நிரலான எஸ்விலாக்டி எழுதும் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலக நேரம். அதைக் கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் பொதியை மேம்படுத்திய அதே நிமிடம்.

பிறகு பொதியைப் பிரித்து, டூஇன்ஸ்ட் ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். நாங்கள் எழுதாத வரிகள் அதில் இருந்தன. பொதிக்குள் சிம்லிங்க் இருந்தால் மேக்பிகேஜி அதை எடுத்துவிட்டு, நிறுவும் நேரத்தில் உருவாக்கும்படி டூஇன்ஸ்டில் இரண்டு வரிகள் சேர்க்கும். முதல் வரி, அந்தப் பெயரில் ஏற்கெனவே என்ன இருந்தாலும், உள்ளடக்கத்தோடு கேள்வியின்றி அழிக்கும். இரண்டாம் வரி இணைப்பை உருவாக்கும். அந்த இடத்தில் பழைய சிம்லிங்க் இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு முழுக் கோப்புறை இருந்தால் அது போய்விடும்.

அந்த ஆலையில் முழுக் கோப்புறைதான் இருந்தது. வேகத்தை மாற்ற வேண்டும் என்று அவர்கள் மாதங்களுக்கு முன் கேட்டபோது, ‘சேவைக் கோப்புறையை நகலெடுத்து, இணைப்பை எடுத்துவிட்டு அங்கே வையுங்கள், அதில் ரன்னைத் திருத்துங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னவர்கள் நாங்கள். அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் சொன்னபடி சரியாகச் செய்திருந்தார்கள். எங்கள் பொதி வந்து, அவர்கள் திருத்தியதையும் மாதக்கணக்கான பதிவுகளையும் அழித்து, 9600க்கான இயல்புக் கோப்புறையைச் சுட்டும் இணைப்பை வைத்துவிட்டது. ஐந்து விநாடிக்குள் ரன்எஸ்விடிர் மாற்றத்தைக் கண்டு, பழைய ரன்எஸ்வியை நிறுத்தி, புதிய கோப்புறைக்கு இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறது. மாலையில் லாரி இல்லாததால் காலைவரை யாருக்கும் தெரியவில்லை.

மற்ற ஆலைகளையும் சோதித்தோம். ஒன்றில் இன்னொரு பாதிப்பு, சத்தமில்லாமல். அச்சுப்பொறி பழுதுக்குப் போயிருந்ததால் அங்கே அச்சுச் சேவையின் இணைப்பை எடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பொதி அதைத் திரும்பப் போட்டு, சேவையை ஓட்டத் தொடங்கிவிட்டது. எந்தச் சேவை ஓட வேண்டும் என்று அங்கே இருப்பவர் எடுத்த முடிவை, இங்கே இருந்து நாங்கள் கேட்காமல் மாற்றிவிட்டோம்.

மாற்றியவை

அன்று காலை முதல் வேலையாக அந்த ஆலையின் வேகத்தை 2400 ஆக்கி வாசிப்பை மீட்டோம். பிறகு பொதியை அனுப்புவதை நிறுத்திவைத்து, எது யாருக்குச் சொந்தம் என்று நால்வரும் உட்கார்ந்து பிரித்தோம்.

ரன்இட் நிரல்கள் தனிப் பொதி. அவை மூலத்தின் புதிய பதிப்பு வந்தால் மட்டுமே மாறும். எங்கள் சேவைக் கோப்புறைகள் இன்னொரு பொதி. அவை ‘எஸ்வி’ அடைவோடு நிற்கும். ‘சர்வீஸ்’ அடைவில் எந்தப் பொதியும் எதையும் வைக்காது. அங்கே இணைப்புப் போடுவது, எடுப்பது ஆலையில் இருப்பவரின் கை. பொதியில் சிம்லிங்கே இல்லை என்றால், மேக்பிகேஜி அழிக்கும் வரியையும் எழுதாது.

அடுத்தது ரன் ஸ்கிரிப்ட். அமைப்புக் கோப்புகளைப் புதிய பெயரில் கொண்டுபோய், பழையது திருத்தப்பட்டிருந்தால் தொடாமல் விடும் வழக்கம் ஸ்லாக்வேரில் உண்டு. ரன்னுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று விவாதித்தோம். பயன்படுத்தினால் ஆலையின் திருத்தம் காக்கப்படும். ஆனால் திருத்திய ஆலைகளுக்கு எங்கள் பிழைதிருத்தம் ஒருபோதும் போய்ச் சேராது. இரண்டும் வேண்டும் என்றால் ஒரே கோப்பில் இரண்டையும் வைத்திருக்கக்கூடாது. ரன் ஸ்கிரிப்ட் முழுக்க எங்களுடையது. ஆலைக்கு ஆலை மாறும் வேகம், துறையின் பெயர், மேடை எண் மூன்றும் ஒரு தனி அடைவில், ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக. ரன்இட்டின் சிஎச்பிஎஸ்டி கருவி அந்த அடைவை வாசித்து, கோப்பின் பெயரை மாறியாகவும் முதல் வரியை மதிப்பாகவும் நிரலுக்குக் கொடுக்கும். வேகத்தை மாற்ற வேண்டுமா? ஒரு கோப்பைத் திறந்து ஓர் எண்ணை எழுதினால் போதும். அந்த அடைவு எந்தப் பொதியிலும் இல்லை. அதை எங்களால் அழிக்கவே முடியாது.

பதிவுகளை சேவைக் கோப்புறைக்கு வெளியே, கணினிப் பதிவுகள் இருக்கும் ‘வார்’ அடைவுக்கு மாற்றினோம். கோப்புறை போனாலும் சாட்சி போகாது. ரன்னோடு ‘ஃபினிஷ்’ ஸ்கிரிப்டும் சேர்த்தோம். நிரல் வெளியேறும்போது ரன்எஸ்வி அதை ஓட்டி, என்ன எண்ணோடு வெளியேறியது என்பதைச் சொல்லும். ஒரு நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் விழுந்தால் எங்களுக்குக் குறுஞ்செய்தி வரும்படி அதில் எழுதியிருக்கிறோம்.

கணினியை நிறுத்தும்போது சேவைகளை ஒழுங்காக முடிப்பதற்கு ஸ்லாக்வேரில் நிர்வாகிக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் இடம் உண்டு. அதில் ஒரு வரி சேர்க்கும் ஆசையும் வந்தது. அது அவர்களின் கோப்பு. பொதி தொடவில்லை, சேர்க்க வேண்டிய வரியைச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் எழுதினோம்.

பின்பு நடந்தவை

புதிய பொதிகளை முதலில் ஒரே ஆலையில் நிறுவி, இரண்டு நாள் லாரிகள் ஏறி இறங்கிய பிறகே மற்றவற்றுக்கு அனுப்பினோம். 2400 ஆலையின் கணக்கரிடம் நேரில் போய், நடந்ததை முழுவதும் சொன்னோம். அவர் சிட்டையைத் திறந்து அன்றைய பக்கத்தைக் காட்டினார். “எண் எழுதும் கோப்பு எது என்று எனக்கும் காட்டிவிடு தம்பி. உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்” என்றார். காட்டினோம். சில வாரம் கழித்து இண்டிகேட்டரைப் புதிதாக மாற்றியபோது 9600 என்று அவரே எழுதி, சேவையை அவரே மறுதொடக்கம் செய்துவிட்டார். எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

மழைக்காலத்தில் மற்றோர் ஆலையில் குறுஞ்செய்தி முறையாக வந்தது. இரவில் எலி கம்பியைக் கடித்திருந்தது. காலை முதல் லாரி வருமுன் மாற்றுக் கம்பியோடு ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று செய்தால்

2022இல் வந்த ஸ்லாக்வேர் 15.0இல் பொதியை நீக்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. புதிய கணினிகளில் இனிட்டாப் வரியை அதைக்கொண்டு எடுக்கலாம். சுவரில் ஒட்டிய காகிதத்தில் ஒரு பத்தி குறையும்.

கட்டிய பொதியை அனுப்புமுன் பிரித்து, டூஇன்ஸ்டை முழுவதும் படிப்பது இப்போது எங்கள் வழக்கம். நாம் எழுதியது மட்டும்தான் அதில் இருக்கும் என்று நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கருவி சேர்த்த வரிகள் ரகசியமானவை அல்ல. நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சோதனை முறையையும் தொடக்கத்திலேயே வேறு விதமாக வைத்திருப்பேன். அப்போது நாங்கள் சோதித்தது எப்போதும் புதிதாக நிறுவிய, யார் கையும் படாத கணினியில். அப்படிப்பட்ட கணினி எந்த ஆலையிலும் இல்லை. இப்போது அலுவலகத்தின் இரண்டாங்கட்டில் ஒரு பழைய இயந்திரத்தை வேண்டுமென்றே கலைத்து வைத்திருக்கிறோம்: அதில் ஒரு சேவையின் இணைப்பு எடுக்கப்பட்டிருக்கிறது, ஒன்றின் இடத்தில் முழுக் கோப்புறை இருக்கிறது, இனிட்டாப்பில் கையால் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன, வேகக் கோப்பில் 2400. ஒவ்வொரு பொதியும் முதலில் அதன்மேல் இருமுறை நிறுவப்படுகிறது. முன்னும் பின்னும் எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் எடுத்து ஒப்பிடுகிறோம். எங்களுக்குச் சொந்தமில்லாத கோப்பு ஒன்று மாறியிருந்தாலும் அந்தப் பொதி வெளியே போவதில்லை.